பழைய காரும் நுரையீரலும்

சென்ற சித்திரையில், திருமங்கலத்தை அடுத்த சிற்றூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை மூச்சுத்திணறலுடன் எங்கள் பிரிவுக்கு அழைத்து வந்தனர். முந்தைய மாலை, தமது ஃபியட் காரின் தொட்டியில் நாள்பட்டுக் கிடந்த பெட்ரோலை வெளியேற்ற, ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சியிருக்கிறார். ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. வீட்டார் உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்தனர். இருமல் அடங்கவே உறங்கிவிட்டார். விடியும்போது காய்ச்சல், நெஞ்சுவலி.

ஆறு நாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பும் வேளையில் மகன் சொன்னார்: “காரை எடைக்குப் போட்டுவிடலாம், டாக்டர். அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள்.” ஆசிரியர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைச் சொல்லத் தகுந்த ஆள் நானல்லன். என் தந்தையார் விட்டுச்சென்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு என் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஆசிரியருடைய வண்டி இத்தாலிய ஃபியட் 1100; பம்பாயில் பிரீமியர் நிறுவனம் தயாரித்தது. பின்னாளில் பத்மினி என்னும் பெயரோடு 2000 வரை ஓடிய குடும்பம் அது. என்னுடையது இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டைத் தழுவி 1961 முதல் சென்னையில் உருவானது. அதன் முகப்பு முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின்மேல் அமர்ந்தபடியே எஞ்சினைப் பழுதுபார்க்கலாம். முதுகுவலிக்காரருக்கு இதைவிட இணக்கமான கார் கிடைப்பது அரிது.

நோயிலிருந்து மீண்டவர் நாற்காலியிலேயே முடங்கிவிடுவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். ஆகவே காரை விற்கச் சொல்லவில்லை. வேலை செய்யும் முறையை மாற்றச் சொன்னேன்.

பெட்ரோல் நீரைவிட மெல்லிய திரவம். தொண்டையிலிருந்து மூச்சுக்குழலுக்குள் நழுவினால் நுரையீரலின் நுண்ணறைகள்வரை விரைந்து பரவி அழற்சியை உண்டாக்கும். வாந்தி எடுக்கவைத்தால் அது மீண்டும் ஒருமுறை மூச்சுக்குழலுக்குள் புகும். எனவே உப்புநீர், சோப்புநீர் எதுவும் வேண்டா. இருமல் நின்றுவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படும். பெட்ரோலை எடுக்கக் கையால் அழுத்தும் ரப்பர் பம்பு போதும். உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும்.

அடுத்தது பிரேக். பழைய பிரேக் ஷூக்களின் பூச்சில் கல்நார் கலந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதுவதும், காற்றடிப்பதும் நம் பட்டறைகளின் பழக்கம். அந்த இழைகள் நுரையீரலில் தங்கினால், இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நோய் தலைகாட்டலாம். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது இதற்குத் தடையாகாது. தூசியை நீரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையிலிட்டுக் கட்டிவிடுங்கள். டிங்கரிங் வேலையில் பழைய பெயின்டைத் தேய்க்கும்போதும் அப்படியே. அதில் ஈயம் இருக்கக்கூடும். வாட்டர் பேப்பரை நனைத்தே தேய்க்க வேண்டும்.

காலையில் சோக்கை இழுத்துக் காரைக் கிளப்பும்போது கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வெளிவரும். நிறமோ மணமோ இல்லாத நஞ்சு அது. 1911-இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம், இரண்டாம் உலகப் போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது கரிவாயுக் கலன்களைத் தயாரித்தது. அடுப்புக்கரியிலிருந்து பெற்று வண்டிகளை ஓட்டிய அந்த வாயுவில் எரியும் பகுதி பெரும்பாலும் இதே கார்பன் மோனாக்சைடுதான். வண்டியை ஓட்டவும் வல்லது, மூடிய கொட்டகையில் ஆளைக் கொல்லவும் வல்லது. வண்டியை வெளியே தள்ளி நிறுத்திய பிறகே எஞ்சினைக் கிளப்புங்கள். தலைவலியோ குமட்டலோ தோன்றினால் உடனே காற்றோட்டத்துக்கு வந்துவிடுங்கள்.

இதயமுடுக்கி பொருத்தியவர்கள் ஓடும் எஞ்சின்மேல் குனிய வேண்டா. வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோர் சிலிண்டருடன் கொட்டகைக்குள் நுழையவே கூடாது; அவர்கள் திண்ணையில் அமர்ந்து கார்புரேட்டர் படத்தைப் பார்த்துப் பிறருக்கு வழி சொல்லலாம். மனைவிமார் சற்றுப் பொறுத்துக்கொள்ள நேரும்.

ஆடி மாதப் பரிசோதனைக்கு ஆசிரியர் அதே ஃபியட்டில் வந்தார். ஓட்டிவந்தவர் மகன். ஸ்டீயரிங்கோடு இணைந்த கியர் அவருக்கு இன்னும் பழகவில்லை. மருத்துவமனை வாயிலில் வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது. “கிளட்சை முழுதும் மிதி, தம்பி” என்ற குரல் என் அறைவரை கேட்டது. மூச்சுத்திணறல் சிறிதும் இல்லாத குரல்.