ஒரே ஒரு பாதை: புளோரிடாத் தீவுகளின் வீதிக் கணக்கு

வீதி அகலிப்பு என்று பேச்சு எழுந்தால் நம்மூரில் முதலில் வருவது மதில் பிரச்சினைதான். யாருடைய மதில் உடையும், எந்தக் கடை பின்னுக்குப் போகும், நட்டஈடு எப்ப வரும் என்பதோடு கதை முடிந்துவிடும். அந்த வீதி எதற்காக அகலமாகிறது என்று கேட்கிறவர் குறைவு. கரையோர வீதியென்றால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. ஏனென்றால் அந்த வீதிக்கு மூன்று வேலை இருக்கிறது. அன்றாடப் போக்குவரத்தைத் தாங்க வேண்டும். அதில் போகிறவர்கள் உயிரோடு வீடு சேர வேண்டும். கடல் பொங்கி வரும் நாளில் சனங்களை வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு வேலையைச் சரிசெய்தால் மற்ற இரண்டும் தானாகச் சரியாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல என்பதை நன்றாகக் காட்டும் இடம் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள 'புளோரிடா கீஸ்' தீவுகள்.

ரயில் போன வழியில் வீதி வந்தது

பெருநிலத்திலிருந்து கீ வெஸ்ட் என்ற கடைசி ஊர் வரை தீவுகளைக் கோத்துக்கொண்டு போகும் வீதியின் நீளம் ஏறத்தாழ 113 மைல். பாலங்கள் 42. முதலில் அந்த வழியால் ஓடியது ரயில். ஹென்றி ஃபிளாக்லர் என்ற செல்வந்தர் போட்ட அந்தத் தண்டவாளம் 1912இல் கீ வெஸ்ட்டைத் தொட்டது. 1935 செப்டெம்பர் 2ஆம் திகதி வந்த சூறாவளி அதை உடைத்துப் போட்டது. 400க்கும் மேற்பட்டோர் மரணித்தனர். அவர்களில் பெருந்தொகையானோர், வீதிப் பாலம் கட்டும் வேலைக்காக அங்கு முகாமிட்டிருந்த முதலாம் உலகப்போர்க் காலத்துப் படைவீரர்கள். அவர்களை ஏற்றிவர மயாமியிலிருந்து ரயில் ஒன்று அனுப்பப்பட்டது. அது பிந்திப் போனது. தீவுக்குள் நுழைந்த ரயிலைக் கடல் அடித்துத் தண்டவாளத்தை விட்டே தள்ளியது.

வெளியேற வழி இருந்தது, வண்டியும் இருந்தது. தீர்மானம்தான் நேரத்துக்கு வரவில்லை. பாதை மட்டும் இருந்தால் போதாது என்ற பாடத்தை அந்தத் தீவுகள் அன்றே படித்துவிட்டன. 1938இல் அதே வழியில், ரயில் பாலங்களையும் பயன்படுத்திக்கொண்டு, வாகன வீதி திறக்கப்பட்டது.

பதினெட்டு மைல்

இந்த வீதியின் வட முனையில் புளோரிடா சிற்றி நகரத்துக்கும் கீ லார்கோ தீவுக்கும் இடையில் ஒரு துண்டு இருக்கிறது. சுற்றிவரக் கண்டல் காடும் சதுப்பு நிலமும். ஊர் இல்லை, கடை இல்லை. 'பதினெட்டு மைல் துண்டு' என்றுதான் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். போக ஒரு நிரை, வர ஒரு நிரை. அவசரக்காரர் முந்தப் பார்ப்பார், எதிரே வருகிற வாகனத்தோடு நேருக்கு நேர் மோதுவார். அதனால் உயிர்ப்பலி வாங்கும் பாதை என்ற பெயர் அதற்கு வந்துவிட்டது. பக்கத்தில் கார்ட் சவுண்ட் என்று கட்டணம் வாங்கும் இன்னொரு பாதை உண்டு. அதுவும் கடைசியில் புளோரிடா சிற்றிக்கே வந்து சேர்கிறது.

"நாலு நிரையாக்கிவிட்டால் சரிதானே" என்று யாருக்கும் தோன்றும். அரசாங்கத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. சதுப்பு நிலத்தை இன்னும் நிரப்பினால் தண்ணீர் ஓட்டம் தடைப்படும், முதலை போன்ற பிராணிகளின் வாழிடம் கெடும் என்றது ஒரு பக்கம். மற்றப் பக்கத்தின் வாதம் கூர்மையானது. பாதை அகன்றால் ஹொட்டல் வரும், வீடுகள் வரும், சனம் கூடும். கடைசியில் சூறாவளி நாளில் நாலு நிரையும் நிரம்பி, இரண்டு நிரையில் நின்ற அதே நெரிசலில்தான் நிற்போம் என்றார்கள்.

வருடக்கணக்கான இழுபறிக்குப் பிறகு எடுத்த முடிவைக் கவனியுங்கள். பாதை நாலு நிரை ஆகவில்லை. நடுவில் கொங்கிறீட் தடுப்புச் சுவர் வந்தது. முந்தும் ஆசைக்கு அது வழியே கொடுக்காது, ஆகவே நேருக்கு நேர் மோதலும் இல்லை. வடக்கே, அதாவது வெளியேறும் திசையில், வாகனம் ஓடக்கூடிய அகலத்துக்கு உறுதியான தார் ஓரம் போட்டார்கள். சாதாரண நாளில் பழுதான வாகனம் ஒதுங்க அது உதவும், சூறாவளி நாளில் இரண்டாவது நிரையாகும். படகு வரும்போதெல்லாம் தூக்கி, வாகனங்களை மறித்துக்கொண்டிருந்த ஜூஃபிஷ் கிரீக் தூக்குப் பாலத்துக்குப் பதிலாக, படகு கீழால் போகக்கூடிய உயரமான நிலைப் பாலம் 2008இல் திறக்கப்பட்டது. பக்கத்து ஏரியைக் குறுக்கே வெட்டிக் கிடந்த பழைய அணையையும் அகற்றித் தண்ணீரை ஓடவிட்டார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மருந்து கொடுத்திருக்கிறார்கள். மோதலுக்குத் தடுப்புச் சுவர், வெளியேற்றத்துக்கு ஓரம், தாமதத்துக்கு உயரப் பாலம். இதில் விலையும் உண்டு. நடுச்சுவர் வந்த பிறகு, வருகிற நிரையையும் போகிற நிரையாக மாற்றி ஓட்டுவது கடினம். விபத்தில் நின்ற வாகனத்தைச் சுற்றிப் போகவும் இடம் குறைவு. அதனால்தான் அந்த ஓரம் ஒரு கட்டாயத் தேவையாகியது.

வாசற்கதவின் அகலம்

ஜும்ஆ முடிந்து சனம் வெளியேறுவதை நினைத்துப் பாருங்கள். பள்ளிவளவு எவ்வளவு விசாலமாக இருந்தாலும் நெரிசலைத் தீர்மானிப்பது வாசற்கதவின் அகலம்தான். வீதியும் அப்படியே. நூறு மைல் வீதியில் தொண்ணூறு மைலை அகலித்தாலும், மிகுதிப் பத்து மைல் ஒடுக்கமென்றால் வரிசை அங்கே நின்றுவிடும்.

நல்ல காலநிலையில், நல்ல இரு நிரைப் பாதையில், ஒரு திசையில் மணித்தியாலத்துக்கு 1,700 கார் வரை போகலாம் என்பது பொறியியலாளர் கையேட்டுக் கணக்கு. மழை, காற்று, படகு இழுத்து வரும் வாகனம், பதற்றம் எல்லாம் சேர்ந்தால் அது இன்னும் குறையும். உதாரணத்துக்கு 1,200 என்று வையுங்கள். 30,000 வாகனம் வெளியேற 25 மணித்தியாலம் வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்பட்டால், கடைசி ஆள் புயலுக்குள்ளேயே நடுவீதியில் நிற்பார்.

இது வெறும் கற்பனை அல்ல. 2005இல் ரீட்டா சூறாவளிக்குப் பயந்து, டெக்சாஸின் ஹியூஸ்டன் நகரத்திலிருந்தும் கரையோரத்திலிருந்தும் ஏறத்தாழ 25 லட்சம் பேர் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டார்கள். அகலமான நெடுஞ்சாலைகள் அத்தனையும் அடைபட்டன. வெளியேற்றத்தோடு தொடர்புபட்ட மரணங்கள் மட்டும் நூறைத் தொட்டன. வயோதிபர் இல்லத்திலிருந்து ஏற்றிவந்த பஸ் தீப்பிடித்ததில் 23 பேர் இறந்தனர்.

ஆகவே கீஸ் தீவுகளில் முறை வைத்து அனுப்புகிறார்கள். உல்லாசப் பயணிகள் 48 மணித்தியாலத்துக்கு முன்னர், நடமாடும் வீடுகளில் இருப்போர் 36 மணித்தியாலத்துக்கு முன்னர், நிரந்தர வாசிகள் 30 மணித்தியாலத்துக்கு முன்னர் என்று கட்டம் கட்டமாக வெளியேற்றும் திட்டம் அது. வீதியை ஒரு முழம்கூட அகலிக்காமல் அதன் கொள்ளளவைக் கூட்டும் வழி இதுதான்.

வீட்டுக்கும் வீதிக்கும் ஒரே கணக்கு

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்த விசயம். நிரந்தர வாசிகள் 24 மணித்தியாலத்துக்குள் வெளியேறக்கூடியதாக இருக்க வேண்டும் என்று புளோரிடாச் சட்டம் அந்தத் தீவுகளுக்கு வரம்பு வைத்தது. 1992 முதல், புது வீட்டு அனுமதிப் பத்திரங்களை உள்ளூர் நிர்வாகம் எண்ணிக் கணக்கிட்டே வழங்குகிறது. வீடு கூடினால் வாகனம் கூடும், வாகனம் கூடினால் மணித்தியாலம் கூடும் என்ற நேரடிக் கணக்கு. 2012இல் வெளியேற்ற நேரத்தைக் கணித்து, பத்து வருடத்துக்கு 3,550 அனுமதிதான் என்று ஒதுக்கினார்கள். 2025இல் 24 மணித்தியாலத்தை 24½ ஆக்கினார்கள். அந்த அரை மணித்தியாலத்துக்கு ஈடாக 900 வரையான புது வீடுகளுக்கு இடம் கிடைத்தது.

சனத்துக்கு இதில் நோவும் இருக்கிறது. ஏறத்தாழ 83,000 பேர் வாழும் அந்தத் தீவுகளில் வீடு குறைவாகையால் விலை ஏறிவிட்டது. ஹொட்டலில் வேலை செய்கிறவர், தாதி, ஆசிரியர் போன்றோர் அங்கே குடியிருக்க முடியாமல் தவிக்கிறார்கள். 2018இல் தொழிலாளர்களுக்கென 1,300 வீடுகளுக்கு அனுமதி கொடுக்க முயன்றபோது, குடியிருப்போர் 48 மணித்தியாலத்துக்கு முன்னரே வெளியேற வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அதுவும் வழக்குக்குப் போனது. உயிர்ப் பாதுகாப்பு என்ற பெயரில் வைக்கும் வரம்பின் சுமை கடைசியில் ஏழையின் தலையில் இறங்குகிறது. இதை மறைத்துவிட்டு அந்த முறையைப் புகழ முடியாது. ஆனால் கணக்கு எல்லோருக்கும் தெரியும்படி மேசையில் இருப்பதால், அதன் நியாயத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கவாவது முடிகிறது.

நமது கரையில்

கிழக்குக் கரைவாசிகளுக்கு இது அந்நியமான விசயமல்ல. 1978 நவம்பர் சூறாவளியை மூத்தவர்கள் மறக்கவில்லை. 2004 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேல் மவுத்தானார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஊர்களை ஊடறுக்கும் ஏ-4 வீதி கடலுக்குச் சமாந்தரமாகப் போகிறது.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சூறாவளி நாட்கணக்கில் அவகாசம் தரும். சுமாத்திராவில் புறப்படும் சுனாமி இரண்டு மணித்தியாலமளவில் வந்துவிடும். அதிலும் எச்சரிக்கை நம் காதுக்கு வந்து சேரும்போது எவ்வளவு நேரம் மிஞ்சும்? கீஸ் வாசிகள் நீளவாக்கில் நூறு மைல் ஓட வேண்டியவர்கள். நமக்குத் தேவை மேற்கே, வயல் பக்கமாக, ஒன்றிரண்டு கிலோமீற்றர். பிரதான வீதியை எவ்வளவு அகலித்தாலும் அது நம்மைக் கடலோடு ஒட்டியே கொண்டுபோகும். கடலிலிருந்து நம்மை விலக்கிக் கொண்டுபோவது அதற்குக் குறுக்கே ஓடும் ஒழுங்கைகள். இரண்டு பக்கமும் மதில் நெருக்கி, முச்சக்கர வண்டி ஒன்று நின்றாலே அடைபடுகிற ஒழுங்கைகள் அவை.

ஆகவே அடுத்த முறை அகலிப்புக் கூட்டத்துக்குப் போகும்போது, மதிலைப் பற்றிக் கேளுங்கள், அது நியாயமான கேள்வி. கூடவே இன்னும் மூன்றைக் கேளுங்கள். வேகம் கூடப் போகிற இந்த வீதியைப் பள்ளிக்கூடப் பிள்ளை எங்கே கடப்பாள்? கடற்கரைப் பக்கத்துச் சனம் எந்த ஒழுங்கையால், எத்தனை நிமிடத்தில் மேற்கே போய்ச் சேரும்? அந்த நிமிடக் கணக்கை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், கொங்கிறீட் போடுவதற்கு முன்னர், மணிக்கூட்டோடு ஒருநாள் ஊர்ச்சனத்தை நடத்திப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். அதற்குச் செலவு ஒன்றும் பெரிதாக வராது.