உங்களுக்குத் தெரியுமா? கண்ணில் படாத மிட்டாய்

இப்போதே வேண்டுமா, ஒன்று. கால்மணி நேரம் பொறுத்தால் இரண்டு! அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், 1960களின் இறுதியில் உளவியலாளர் வால்டர் மிஷெல் தொடங்கிய சோதனை இது. பஞ்சுபோன்ற மார்ஷ்மெல்லோ மிட்டாயின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது.

● ஆசையை அடக்கச் சில பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். சிலர் தமக்குள் பாடினார்கள். சிலர் மேசையை உதைத்தார்கள்.

● 1970இல் வெளியான முடிவு: தின்பண்டம் எதிரிலேயே இருந்தால் பொறுமை சராசரியாக ஒரு நிமிடம்தான், மறைத்து வைத்தால் 11 நிமிடம்!

● ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. நல்ல கிரேயான் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு திரும்பியவரிடம் பிறகு மிட்டாய்க்காகப் பிள்ளைகள் காத்திருந்தது சுமார் 3 நிமிடம். சொன்னபடி கொண்டுவந்தவரிடம் 12 நிமிடம். பொறுமைக்கு நம்பிக்கைதான் முதல்.

● 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து 2018இல் வந்த ஆய்வு, பொறுத்தவர்களுக்கும் பொறுக்காதவர்களுக்கும் இடையே பிற்காலப் படிப்பில் தெரியும் வித்தியாசத்தில் குடும்பச் சூழலுக்கே பெரும்பங்கு என்று காட்டியது. சட்டென்று எடுத்துத் தின்ற பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம்!

வீட்டில் செய்து பாருங்கள்: மண் உண்டியலில் ‘சைக்கிள்’ என்று எழுதி ஒட்டுங்கள். உடைத்தால்தான் காசு, அதுவரை அது கண்ணில் படாது. நாள் வந்ததும் சைக்கிளை மட்டும் மறக்காமல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.