டங்கன் துரையும் தோட்டத்துத் திரையும்

மலாயாவின் முதல் ரப்பர் தோட்டத்தை மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் போட்டவர் டான் சாய் யான் என்ற சீனர். ஆனால் பின்னாளில் பெரிய தோட்டங்களில் வெள்ளைக்காரர் என்றாலே துரைதான். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நிமிர்ந்து பார்க்கவும் தொழிலாளர்கள் அஞ்சுவார்கள். அதே காலத்தில் இன்னொரு வெள்ளைக்காரர் தமிழ்நாட்டில் தமிழ்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒஹாயோவில் பிறந்த எல்லிஸ் ஆர். டங்கன், கல்லூரி நண்பர் மாணிக்லால் டாண்டனோடு 1935இல் இந்தியா வந்தார். மறு ஆண்டே ‘சதி லீலாவதி’. எம்.ஜி.ஆர்., டி.எஸ். பாலையா இருவருக்கும் அதுதான் முதல் படம். எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை: குடிபோதையில் கொலை செய்துவிட்டதாக நம்பும் நாயகன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். கள்ளுக்கடையும் லயமும் அருகருகே இருந்த மலாயாத் தோட்டத்துக்கும் பொருந்துகிற கதைதான். ஆனாலும் அதில் தோட்டம் ஒளிந்துகொள்ளும் இடம், ஊர் அல்ல.

நாடகத்தை நின்ற இடத்திலேயே படம் பிடித்த காலத்தில் கேமராவை நகர்த்தியவர் டங்கன். ‘அம்பிகாபதி’, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி நடித்த ‘சகுந்தலை’, ‘மீரா’ என்று வரிசையாக எடுத்தார். தமிழ் மட்டும் கடைசிவரை வரவில்லை! 1950இல் ‘மந்திரி குமாரி’ முடியுமுன்னே அமெரிக்கா திரும்பிவிட்டார், மீதியை டி.ஆர். சுந்தரம் முடித்தார். ஊரில் ஆவணப்படங்கள் எடுத்து வாழ்ந்து, 2001இல் காலமானார்.

தோட்டங்களில் அன்று திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினால் லயமே பாயோடு திரண்டுவிடும். இன்று அந்த ரப்பர் நிலங்களில் பெரும்பகுதி செம்பனை. ஜாசின், அலோர் காஜா பக்கம் தாமான்களுக்குக் குடிபோன பிள்ளைகள் கைப்பேசியில் படம் பார்க்கிறார்கள்.

கேமராவும் உள்ளூர்க்காரர் கைக்கு மாறிவிட்டது. தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) ரப்பர் தோட்டத்தையே வீடாகக் காட்டியது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), தோட்டம் கைவிட்ட பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்டு, மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது. டங்கனிடம் இருந்த தொழில்நுட்பத் தேர்ச்சியைவிட இவர்களிடம் இருக்கும் உள்ளூர் அறிவு பெரிது என்பேன்.

மலாக்காவுக்கு ஒரு கதை பாக்கி இருக்கிறது. 1967இல் ஆசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். நடந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். தம்பி தங்கைகளே, அவர்களிடம் போய்க் கேட்டுப் பதிவு செய்யுங்கள். படம் பிறகு எடுக்கலாம்.