உங்களுக்குத் தெரியுமா? பிரேக் இல்லாத பைக், பத்துத் தேசியப் பட்டம்!

பைக்கில் பிரேக் கிடையாது! கியரும் ஒன்றே ஒன்றுதான்! அதில் ஏறி மண் தடத்தில் சீறிப் பாய்வதுதான் ஸ்பீட்வே. ஆஸ்திரேலியாவில் இதற்கென்று ஒரு தேசிய சாம்பியன் பட்டமே இருக்கிறது!

டேங்கில் ஊற்றுவது பெட்ரோல் இல்லை, மெத்தனால்!

ஒரு பந்தயத்துக்கு நான்கே பேர். நான்கே சுற்று. ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்!

வளைவில் இடப்பக்கம் போக, ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்புகிறார்கள்! பின்சக்கரம் வழுக்கிக்கொண்டே வர, இடது காலைத் தரையில் தேய்த்தபடி பாய்கிறார்கள். அந்த பூட்ஸின் அடியில் எஃகுத் தகடு!

இனி அசல் ஆச்சரியம். மில்டூரா ஊர்க்காரர் லீ ஆடம்ஸ் முதல் தேசியப் பட்டத்தை வென்றது 1992-ல். கடைசியாக வென்றது 2009-ல். இடையில் 17 ஆண்டுகள். மொத்தம் எத்தனை பட்டம் தெரியுமா? 10!

அதே 1992-ல் 21 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் பட்டமும் அவருக்கே! ஆனால் பெரியவர்களுக்கான உலகப் பட்டம் மட்டும் கடைசிவரை கிடைக்கவே இல்லை. 2007-ல் இரண்டாம் இடம் வரை போய்விட்டார். என்ன கொடுமை, பாருங்கள்!

அப்பாவும் தேசிய சாம்பியன், மகனும் தேசிய சாம்பியன்! ஃபில் கிரம்ப், ஜேசன் கிரம்ப். மகன் அதோடு நிற்கவில்லை. 2004, 2006, 2009 என்று உலகப் பட்டமே மூன்று!

அந்த வீட்டுக் கதை இன்னும் முடியவில்லை! ஜேசனின் அம்மாவைப் பெற்ற தாத்தா நீல் ஸ்ட்ரீட்டும் ஸ்பீட்வே வீரர். 1970-களில் ஜாவா இன்ஜினை நான்கு வால்வு இன்ஜினாக மாற்றி எல்லோரையும் அசரவைத்தவர். அதைத் தடத்தில் ஓட்டிக் காட்டியது யார்? மாப்பிள்ளை ஃபில்! ஆமாம், மைசூர் பைக்கால் நமக்குப் பழகிய அதே ஜாவாதான்!

இன்னும் பின்னோக்கிப் போவோம்! ஸ்பீட்வேயின் முதல் உலக இறுதிப்போட்டி, 1936, லண்டன் வெம்ப்ளி. ஆஸ்திரேலியரான ப்ளூயி வில்கின்சன் ஓட்டிய ஐந்து பந்தயத்திலும் முதலிடம். கிடைத்ததோ மூன்றாம் இடம்! முந்தைய தகுதிச் சுற்றுகளில் மற்றவர்கள் கூடுதலாகச் சேர்த்திருந்த போனஸ் புள்ளிகள் அவரைக் கீழே தள்ளிவிட்டன. இதைப் படித்தபோது எனக்கே நெஞ்சு பதறியது!

விட்டாரா மனிதர்? 1938-ல் மீண்டும் வெம்ப்ளி. உலகப் பட்டம் அவர் கையில். அப்போது அவருடைய காறை எலும்பு முறிந்திருந்தது!

1936-ல் பட்டத்தைத் தட்டிச் சென்றவரும் ஆஸ்திரேலியர்தான். லயனல் வான் பிராக். இரண்டாம் உலகப் போரில் விமானமோட்டிய இவருக்கு, வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கமும் கிடைத்தது!

அடிலெய்டின் ஜாக் யங், 1951-ல் உலகப் பட்டம் வென்றபோது பிரிட்டனில் எந்த டிவிஷனில் ஓட்டிக்கொண்டிருந்தார் தெரியுமா? இரண்டாம் டிவிஷனில்! அடுத்த ஆண்டும் அவரே. உலகப் பட்டத்தை அடுத்தடுத்து 2 முறை வென்ற முதல் ஆள்!