ஆனந்த பவனம்

நமது கல்லூரியின் மாணவருள்ளும் பழைய மாணவருள்ளும் பண்டித ஜவாஹர்லால் நேருவின் பெயரை அறியாதார் இலர். ஆயின், 2018 ஆம் ஆண்டு முதல் பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத் நகரிலே, ஆனந்த பவனம் என்னும் பெயரைத் தாங்கியவை இரண்டு வீடுகள் என்பதை அறிந்தார் சிலரே.

முதலாவது மாளிகையை, வழக்கறிஞர் தொழிலிற் பெரும் பொருள் ஈட்டிய மோதிலால் நேரு 1900 ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கினார். நீச்சற்குளம், மின்விளக்கு, மேனாட்டுத் தளபாடங்கள், ஆங்கில விருந்தினர் என அம்மனையிற் குறைவொன்றும் இருந்திலது. அவருடைய உடைகள் வெளுப்பதற்குப் பாரிசு நகருக்கு அனுப்பப்பட்டன என்றொரு கதையை நம்மிற் பலர் கேட்டிருப்போம். மைந்தரோ தமது சுயசரிதையில் அதனை மறுத்துள்ளார். செல்வரைப் பற்றி உலகம் எதனையும் நம்பும் போலும்!

1920 இல் எழுந்த ஒத்துழையாமை இயக்கம் அவ்வாழ்வை அடியோடு மாற்றியது. மோதிலால் தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரிலே தந்தையும் மைந்தரும் சிறை புகுந்தனர். அரசுக்குத் தண்டப்பணம் செலுத்துவதில்லை என்பது காங்கிரஸின் கொள்கை. ஆதலாற் பொலிசார் பன்முறை வந்து கம்பளங்களையும் தளபாடங்களையும் எடுத்தேகினர். 1917 இல் அவ்வீட்டிற் பிறந்த இந்திரா அப்போது நான்கு வயதுக் குழந்தை. அக்குழந்தை பொலிசாரைச் சினந்து தடுத்ததாம்.

1930 ஆம் ஆண்டு மோதிலால் அம்மாளிகையை நாட்டுக்கு வழங்கினார். அது சுயராஜ்ய பவனம் எனப் பெயர் பெற்றுக் காங்கிரஸின் பணிமனையாயிற்று. அதன் அயலிலே கட்டிய புதிய, சிறிய வீட்டுக்கே பழைய பெயர் சென்றது. அவ்வாண்டிலேயே தந்தையும் மைந்தரும், யமுனைக்கு அப்பாலுள்ள நைனிச் சிறையில் அடைக்கப்பட்டனர். புதுமனையில் மோதிலால் வாழ்ந்த காலம் மிகச் சிறிது. 1931 பெப்ரவரி 6 இல் அவர் காலமானார்.

1970 இல் இந்திரா காந்தி இரண்டாவது வீட்டையும் வழங்க, அது நூதனசாலையாயிற்று. நேருவின் படுக்கையறையையும் நூல்கள் நிறைந்த படிப்பறையையும் மக்கள் இன்று கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கின்றனர்.

தந்தையை இழந்த துயரோடும் தளர்ந்த உடலோடும் நேரு ஓய்வு நாடி வந்தது நமது இலங்கைக்கே. 1931 இல் மனைவி கமலாவுடனும் மகளுடனும் வந்த அவரது மோட்டார் வண்டியை, யாழ்ப்பாணத்துக்கு அண்மையில் ஒரு பாடசாலையின் ஆசிரியரும் மாணவரும் மறித்து வரவேற்றனர். மாணவனொருவன் முன்வந்து அவர் கையைப் பற்றி, தான் தளரப்போவதில்லை என்று மட்டும் கூறினான். அம்முகம் தம் நெஞ்சைவிட்டு அகலவில்லை எனச் சுயசரிதையிற் குறித்த நேரு, அம்மாணவன் யாவன் என்பதை அறிந்திலர்.