'காதலிக்க நேரமில்லை': சிரிக்க வைத்தவர்கள் வந்த வழி

தமிழ் நகைச்சுவைத் திரைப்படங்களைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் 'காதலிக்க நேரமில்லை' என்ற பெயர் தவறாது அடிபடுவதுண்டு. 1964 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் திரைக்கு வந்த இப்படத்தை எம்மவர்களில் முதியோர் படமாளிகைகளிற் பார்த்தனர். அடுத்த தலைமுறையினர் புலம்பெயர்ந்த நாடுகளில், பிரதிக்குப் பிரதி எடுத்து நிறம் மங்கிப்போன ஒளிநாடாக்களிற் பார்த்தனர். கதை யாவரும் அறிந்ததே. ஆயினும் இதனை ஆக்கியவரும் நடித்தவர்களும் அதற்கு முன்னர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நோக்கும்போது நாம் வியப்படைய வேண்டியிருக்கிறது. முக்கிய பாத்திரங்களை ஏற்றவர்களுள் நகைச்சுவை நடிகர் என்று ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தவர் நாகேஷ் ஒருவரே.

முதலில் இயக்குநரை எடுத்துக்கொள்வோம். செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த ஸ்ரீதர், இளம் வயதில் எழுதிய 'இரத்த பாசம்' என்னும் நாடகத்தை டி. கே. எஸ். சகோதரர்கள் மேடையேற்றினர். அது 1954 இல் திரைப்படமாகவும் வந்தது. 'எதிர்பாராதது', 'அமரதீபம்' போன்ற படங்களுக்கு எழுதிப் புகழ் பெற்றபின், 1959 இல் 'கல்யாணப் பரிசு' மூலம் இயக்குநரானார். காதலைத் தியாகஞ் செய்தவனின் துயரக் கதை அது. 1962 இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' புற்றுநோயாளி ஒருவரின் மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றியே நகர்ந்தது. அடுத்த ஆண்டின் 'நெஞ்சம் மறப்பதில்லை' மறுபிறப்பைச் சொன்னது. சுருங்கக் கூறின், ஸ்ரீதர் படமென்றால் கைக்குட்டையோடு போகவேண்டும் என்று இரசிகர்கள் நினைத்த காலம் அது.

இத்தகையவர் முழுநீள நகைச்சுவைப் படமொன்றை எடுக்கத் துணிந்ததன் பின்னால் அவருடைய பள்ளித் தோழர் கோபு இருந்தார். பின்னாளில் 'சித்ராலயா' கோபு என்று அறியப்பட்ட இவர், 'கல்யாணப் பரிசு' காலத்திலிருந்தே ஸ்ரீதரின் படங்களில் நகைச்சுவைப் பகுதிக்குத் துணை நின்றவர். அப்படத்தில் தங்கவேலு தாமே எழுத்தாளர் பைரவன் என்று மனைவியிடம் அளந்த பொய்களை யார் மறப்பார்? அழுகைப் படத்தின் ஓர் ஓரத்தில் வைக்கப்பட்டிருந்த அந்தச் சிரிப்பைத்தான் இருவரும் 1964 இல் நடுவீட்டுக்குக் கொண்டுவந்தனர். சோகப் படங்களுக்கு வேண்டிய கட்டுக்கோப்பு ஸ்ரீதரிடம் கைவசம் இருந்தது. பொய் ஒன்றைச் சொல்லி, அதைக் காப்பதற்கு மற்றொன்றைச் சொல்லி, ஒவ்வொரு பொய்யும் உரிய இடத்தில் வந்து உடையும்படி அமைக்க அதுவே உதவிற்று என்பது எமது எண்ணம்.

இனி, டி. எஸ். பாலையா. இப்படத்தைப் பற்றி எழுதுவோர் நாகேஷைப் புகழ்வது வழக்கம். நாமோ பாலையாவுக்கே முதலிடம் தருவோம். நாடகக் கம்பனிகளில் வளர்ந்த இவர் திரைக்கு வந்தது 1936 இல், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' மூலம். எம். ஜி. ஆரும் கலைவாணரும் அறிமுகமான படமும் அதுவே. பாலையாவுக்குக் கிடைத்தது வில்லன் வேடம். 1937 இல் அதே டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யிலும் அவர் வில்லனே. பல்லாண்டுகள் பிறரை அச்சுறுத்துவதே அவரது பிழைப்பாயிற்று. அப்படிப்பட்டவர் இங்கே பணமும் எஸ்டேட்டும் உடைய விசுவநாதனாக வந்து, மகன் செல்லப்பா சொல்லும் பேய்க் கதையைக் கேட்டு நடுங்குகிறார். அக்காட்சியை மீண்டும் பார்க்க வாய்ப்புள்ளோர் நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவின் முகத்தை மட்டும் கவனிக்கட்டும். நாகேஷ் கதவு திறக்கும் ஓசையையும் காலடி ஓசையையும் வாயாலேயே எழுப்புகிறார். பயத்தை எமக்குக் காட்டுபவர் பாலையா. வேண்டாமென்று சொல்லவும் முடியாமல், மேலே கேட்கவும் முடியாமல் அந்த முகம் படும் பாடு சொல்லி முடியாது. பிறரை அச்சுறுத்தி வாழ்ந்தவருக்குத்தான் அச்சம் எந்த நொடியில் முகத்தில் ஏறும் என்பது தெரியும் போலும்.

நாகேஷின் கதை வேறு. தாராபுரத்தில் கன்னடம் பேசும் குடும்பத்தில் 1933 இல் பிறந்தவர். அம்மை நோய் முகத்தில் தழும்புகளை விட்டுச் சென்றது. சென்னையில் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகச் சம்பளம் பெற்றுக்கொண்டே நாடகங்களில் நடித்தார். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சிறிது நேரமே தோன்றினார். தலைமை தாங்கிய எம். ஜி. ஆர். அவருக்கே பரிசளித்துப் பாராட்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி. தழும்புள்ள முகத்துக்குத் திரையில் இடமேது என்று கேட்கப்பட்ட காலத்தில், அம்முகத்துடனேயே அவர் வென்றார். 'காதலிக்க நேரமில்லை'யில் 'ஓஹோ புரடக்ஷன்ஸ்' முதலாளி செல்லப்பாவாக வந்து, கையிற் பணமும் இல்லாமல் கதையும் இல்லாமல் படமெடுக்கப் புறப்படுகிறார். தம் தொழிலையே ஸ்ரீதர் இவ்வாறு கேலி செய்ய அனுமதித்தது அவரது பெருந்தன்மை. அதே 1964 இல் 'சர்வர் சுந்தர'த்தின் கதாநாயகன் ஆனவரும் இந்த நாகேஷ்தான்.

முத்துராமன் எஸ். வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் நாடகக் குழுவிற் பயின்றவர். 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தின் நோயாளிக் கணவரும் இவரே. இங்கு நண்பனுக்காகக் கிழவர் சிதம்பரமாக வேடமிட்டுப் பாலையாவை ஏய்க்கும்போது அந்த மேடைப் பயிற்சி கைகொடுக்கிறது.

ஈஸ்ட்மன் வண்ணத்திற் சமூகப் படமெடுப்பது தமிழுக்குப் புதிதாயிருந்த வேளையில், பெருஞ்செலவு பிடிக்கும் அம்முயற்சியில் இரு புதுமுகங்களை நம்பியதே ஸ்ரீதர் செய்த பெரிய துணிகரம். ரவிச்சந்திரன் எம்மைப் போன்றே கடல் கடந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை. மலாயாவிற் பிறந்து, திருச்சிக்கு வந்து கல்வி கற்றவர். இராமன் என்ற பெயர் படத்துக்காக ரவிச்சந்திரன் ஆயிற்று. காஞ்சனாவின் இயற்பெயர் வசுந்தரா தேவி. வசதியான குடும்பம் நொடித்துப்போக, படிப்பை விட்டு விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தவர். வீட்டைக் காக்கக் கிடைத்த வேலையை ஏற்ற அந்தப் பெண்ணின் நிலையை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. வைஜயந்திமாலாவின் தாயாரும் வசுந்தரா தேவி என்ற பெயரில் நடித்தவராகையால், இவருக்கு வேறு பெயர் சூட்டப்பட்டது.

குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கிய சச்சு, 1962 இல் 'வீரத்திருமகன்' படத்தின் கதாநாயகியாக உயர்ந்திருந்தார். அதன்பின் நாகேஷுக்கு இணையாக நகைச்சுவைப் பாத்திரம் ஏற்பது இறங்கி வருவதாகவே அவருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் இன்றும் அவரை மக்கள் நினைவுகூர்வது இதற்காகத்தான். ராஜஸ்ரீயோ தெலுங்குத் திரையிலிருந்து வந்தவர். இதே கதை 1965 இல் தெலுங்கில் 'ப்ரேமிஞ்சி சூடு' என்றும், 1966 இல் ஸ்ரீதரின் இயக்கத்திலேயே இந்தியில் 'ப்யார் கியே ஜா' என்றும் எடுக்கப்பட்டபோது இரண்டிலும் அவருக்கு இடமிருந்தது. இந்தியில் நாகேஷின் பாத்திரத்தை மெஹ்மூத்தும், பாலையாவினதை ஓம் பிரகாஷும் ஏற்றனர். மெஹ்மூத்துக்கு அதற்காகப் பிலிம்பேர் விருதும் கிடைத்தது. அப்பேய்க் கதைக் காட்சி அங்கும் பெயர் பெற்றதே. எனினும் எமது மனம் பாலையாவின் பக்கமே சாய்கிறது.

பாலையா 1972 இலும், முத்துராமன் 1981 இல் ஊட்டியிற் படப்பிடிப்புக்குச் சென்றிருந்த வேளையிலும் காலமானார்கள். ஸ்ரீதர் 2008 இலும், நாகேஷ் 2009 இலும், ரவிச்சந்திரன் 2011 இலும் மறைந்தனர். காஞ்சனா, தாம் உழைத்துத் தேடிய சென்னைச் சொத்தைத் திருப்பதி தேவஸ்தானத்துக்குக் கொடையாக எழுதிக் கொடுத்தார். நீண்ட இடைவெளிக்குப் பின் 2017 இல் 'அர்ஜுன் ரெட்டி' என்ற தெலுங்குப் படத்தில் பாட்டியாக வந்தபோது, அவர் யாரென்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல எமது வீடுகளிற் பெரியவர்கள் 'காதலிக்க நேரமில்லை'யைத்தான் மீண்டும் போட்டுக் காட்டவேண்டியிருந்தது.