வேற்று மணமும் பெண் நலமும்

பெங்களூரில் படித்து வேலை பார்க்கும் நம் பெண்கள் வேறு மதத்து, சில வீடுகளில் வேறு நாட்டுப் பையனோடும் பழகுகிறார்கள். 'நம்ம வீட்டுல இல்ல' என்று சொல்லிவிட்டால் ஆச்சா?

முதலில் சட்டம். சமணர் இந்துவை மணக்க 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமே போதும். முஸ்லிம், வெளிநாட்டவர் என்றால் யாரும் மதம் மாறாமலே 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதியலாம். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 வயது. பதிவு அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் வீட்டுக்கே தெரிகிறது என்றால் குறை நம்முடையது.

அதைவிடப் பெரிய மௌனம் உடம்பைப் பற்றியது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம், உடலுறவால் பரவும் எச்.பி.வி. கிருமி. அது சாதி, நிறம் பார்ப்பதில்லை. கட்டின புருஷனிடமிருந்தும் வரும். 1951-இல் அமெரிக்காவில் ஹென்றியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் 31 வயதில் இந்நோயால் இறந்தார். அவரைக் கேட்காமலே எடுத்த உயிரணுக்கள் இன்றும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. அவற்றிலும் இக்கிருமி இருந்ததை ஹரால்ட் சூர் ஹௌசன் குழுவினர் கண்டார்கள். இந்தக் கிருமி ஆராய்ச்சிக்காக அவருக்கு 2008-இல் நோபல் பரிசு. தடுப்பூசிக்கு வழி திறந்ததும் இந்த ஆராய்ச்சியே.

ஊசியை 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பலன் அதிகம். என் பேத்திக்குப் போடுமுன் வீட்டில் இரண்டு நாள் சண்டை, 'இந்த வயசுல எதுக்கு?' என்று. அந்தப் பழக்கம் தொடங்குமுன் போடுவதுதான் ஊசியின் கணக்கே! போட்டவர்களும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், கல்யாணம் யாரோடு நடந்திருந்தாலும்.